குல்லா சாரின் மார்கழி ஓட்டம்

வரதராஜன் ஓடப்போகிறார் என்ற செய்தி கார்த்திகை பாதியிலேயே தெரு முழுக்கப் பரவிவிட்டது. பரப்பியவர் அவரேதான்.

எமர்ஜென்சி முடிந்து ஆட்சி மாறிய வருஷம் அது. அந்தக் காலத்துத் திருத்தணியில் ஒரு பெரிய மனுஷன் ஓடினால் அதற்கு இரண்டே காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, அரக்கோணம் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. இல்லையென்றால் பின்னால் நாய் வருகிறது. மூன்றாவதாக ஒரு காரணத்தை ஊருக்கு அறிமுகப்படுத்தும் பெருமை, நாலு பவர்லூம் தறிக்குச் சொந்தக்காரரான வரதராஜனுக்குக் கிடைத்தது.

அந்தக் காரணம் எப்போதும் அவருக்கு ஒரு முழம் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி டாக்டர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டது, காலையில் ஓடுங்கள், எண்ணெய்ப் பலகாரத்தை மறந்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். மனைவி கோமளவல்லி அன்றைக்கே எண்ணெய்ச் சட்டியைப் பரண்மேல் ஏற்றினாள். காலையில் கேழ்வரகுக் கூழ். இரவில் கோதுமைக் கஞ்சி. "தொப்பை எறங்கட்டும், சட்டியும் எறங்கும்" என்று தீர்ப்பு எழுதிவிட்டாள். முருகனுக்கே கோபம் தணிந்த ஊர்தான் திருத்தணி. ஆனால் கோமளவல்லி பக்கத்தில் நரசிம்மர் குடியிருக்கும் சோளிங்கரில் பிறந்தவள்.

மெதுவடை இல்லாத வாழ்க்கையை வரதராஜனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஓட மாட்டேன் என்று சொன்னால் கூழ் நிரந்தரமாகிவிடும். ஓடுகிறேன் என்று சொன்னாலோ ஓட வேண்டியிருக்கும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஓட மனசில்லாத வரதராஜன் உடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஓட்றதுக்கு நான் ரெடி கோமளா. ஆனா இன்னாத்த போட்டுகினு ஓட்றது?"

"வேட்டி கட்டிகினு ஓடுங்க."

"பாதி வழில அது ஒரு பக்கம் ஓடும், நான் ஒரு பக்கம் ஓடணும்."

"லுங்கிய மடிச்சிக் கட்டிகினு ஓடுங்க. நம்ம தறில நெய்ஞ்சதுதானே?"

"லுங்கியோட ஓட்னா, எவன்கிட்டயோ அடி வாங்கிகினு ஓட்றான்னு நெனப்பாங்க."

"அப்ப அரை நிஜாரு."

"நாப்பத்தாறு வயசுல மொழங்கால காட்டிகினா? தெருவுல பொம்பளைங்க கோலம் போட்டுகினு இருப்பாங்க!"

"அவங்களுக்குப் புள்ளி வெக்கவே நேரம் பத்தல. உங்க மொழங்காலயா பாக்கப் போறாங்க? பழநில ஆண்டவரே கோவணத்தோட நிக்கிறாரு."

"அவரு நிக்கிறாரு. ஓடலியே!"

கல்யாணமான இத்தனை வருஷத்தில் வரதராஜன் ஜெயித்த முதல் வாக்குவாதம் அதுதான். அந்த ஆனந்தம் இரண்டு நாள் நீடித்தது. மூன்றாம் நாள் டைலரிடமிருந்து, குதிகால் வரைக்கும் மூடுகிற காக்கிப் பேண்ட் ஒன்று வந்து சேர்ந்தது.

"காலு மூடியாச்சு. நாளைக்கே ஓடுங்க."

"காலு மூடிச்சி. மாரு? பனில ஓட்னா சளி கட்டிக்கும். உல்லன் ஸ்வெட்டர் இல்லாம எவனாவது மார்கழில ஓடுவானா? நாம பருத்திக்காரங்க. உல்லனுக்கு எங்க போறது, காஷ்மீருக்கா?"

காஷ்மீர் ரொம்ப தூரம் என்ற தைரியத்தில் சொன்னார். தன் மச்சான் பஞ்சாட்சரம் பட்டாளத்தில் சேர்ந்து அந்தப் பக்கம்தான் இருக்கிறான் என்பது, சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. கோமளவல்லி அன்றைக்கே தம்பிக்குத் தந்தி அடித்துவிட்டாள், மார்கழி பிறந்த அன்று பார்சலும் வந்தது. பட்டாளத்துப் பச்சையில் கனத்த ஸ்வெட்டர் ஒன்று. கழுத்துக்கு மப்ளர். கைக்கு உறை. கண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் விழுங்கிவிடும் குரங்குக் குல்லா ஒன்று.

திருத்தணிக் குளிர் வருஷத்துக்கு ஒரு மாசம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற குளிர். அதற்கு இந்த ஏற்பாடு, கொசு அடிக்க உலக்கை எடுத்த மாதிரி. ஆனால் வரதராஜனுக்கு வேறு வழியில்லை. மறுநாள் விடியலில் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். எதிரே நின்ற ஆளை அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

அங்கேதான் அவருக்குப் புத்தி வேலை செய்தது.

தெருமுனை வரைக்கும் நிஜமாகவே ஓடினார். மூச்சு முட்டியதும் நின்றார். நின்ற இடத்தில் காற்று பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து அடித்தது. கண்ணையன் ஓட்டலில் முதல் ஈடு வடை வெந்துகொண்டிருந்தது. பெற்ற பிள்ளை கூப்பிட்டாலும் அப்படிப் போயிருக்க மாட்டார், போனார். போய் அடுப்புக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"யாரு, சாரு ஊருக்குப் புதுசா?" என்றார் கண்ணையன்.

"ஆங்" என்றார் வரதராஜன், குல்லாவுக்குள்ளிருந்து.

ஒரு பொங்கல், நாலு வடை. குல்லாவை மூக்கு வரைக்கும் மட்டும் தூக்கிக்கொண்டு சாப்பிட்டார். ஒரு பக்கம் அடுப்பு அனல், இன்னொரு பக்கம் காஷ்மீர் உல்லன். நாலாவது வடை முடிவதற்குள் வேர்வை ஆறாகப் பெருகிவிட்டது. வேர்வையைப் பார்த்ததும், ஓடாமலே ஓடியாகிவிட்டது என்பது அவருக்குப் புரிந்தது.

வீட்டு வாசலில் கோமளவல்லி பூசணிப்பூவை நட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"அடேங்கப்பா! இன்னாங்க இப்படி வேத்து ஊத்துது? எம்மாந் தூரம் ஓட்னீங்க?"

"நந்தியாறு வரிக்கும்."

"மொத நாளே அத்தினி தூரமா? இருங்க, வெந்நீர் வெச்சித் தர்றேன்."

வெந்நீரும் வந்தது. பாராட்டும் வந்தது. கூழும் வந்தது. கூழை அவர் பாதியிலேயே வைத்துவிட்டார். பாவம், பசியைக்கூட ஓட்டம் கொன்றுவிட்டது என்று அவள் உருகினாள். நந்தியாறு வரை இருந்த ஓட்டம், வடை அஞ்சானபோது கே.ஜி.கண்டிகை ரோடு வரை நீண்டது. மார்கழி பாதியில், கொஞ்சம் விட்டால் பள்ளிப்பட்டு வழியாக ஆந்திராவுக்குள்ளேயே நுழைந்துவிடுவார் போலிருந்தது. கண்ணையன் அவருக்குக் 'குல்லா சார்' என்று பேர் வைத்து, முதல் ஈட்டில் அவர் பங்கைத் தனியாக எடுத்து வைக்க ஆரம்பித்தார். பெண்டாட்டிக்கே குல்லா போட்ட பெருமிதத்தில் வரதராஜன் தறிக்கொட்டகையில் சீட்டியடித்தார்.

ஒரே ஒரு குறை. அரைஞாண் கயிறு இறுக்கியது. கோமளவல்லி அதை அவிழ்த்துத் தளர்த்திக் கட்டினாள். "ஓட்னா ஒடம்பு தெறிக்கும், அது சத்து" என்றார் அவர். அவள் ஸ்வெட்டரைக் கொடியில் காயப்போடும்போது ஒரு தரம் மோந்து பார்த்தாள். அதை அவர் கவனிக்கவில்லை.

தை பிறக்கக் கொஞ்ச நாள் இருக்கையில் ஒரு காலை. முன்னால் போகிற ஆள் தெரியாத அளவுக்குப் பனி. வரதராஜன் வழக்கம்போல ஓட்டலுக்குள் நுழைந்து பெஞ்சில் உட்கார்ந்து, "பொங்கல், வடை" என்றார்.

கண்ணையன் கரண்டியோடு திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார், வெளாட்றீங்களா? இப்பத்தானே சாப்ட்டு ஏப்பம் வுட்டுகினு போனீங்க?"

"நானா?"

"பின்ன யாரு? இதே ஸ்வெட்டரு, இதே குல்லா, இதே வயிறு. இருந்த வடையெல்லாம் பார்சல் வேற கட்டிகினீங்க. ஆனா ஒண்ணு சார், நீங்கதான் பவர்லூம் வரதராஜன்னு இத்தினி நாளா சொல்லவே இல்லியே! இன்னிக்கித்தானே வாயத் தொறந்தீங்க."

வரதராஜனுக்குக் குல்லாவுக்குள் முகம் வெளுத்தது. "பார்சலு எதுக்குன்னு சொன்னேன்?"

"வூட்ல சம்சாரத்துக்குன்னீங்க. தெனம் நான் எங்க துன்னுறேன்னு அவளுக்கும் தெரியட்டும்னீங்க. சரவணப் பொய்கையச் சுத்திகினு வூட்டுக்குப் போறேன்னு ஓட்டமா ஓட்னீங்க. உங்க வயித்துக்கு அந்த ஓட்டத்த மெச்சணும் சார்!"

எவனோ ஒருவன் அவராகி, அவர் பங்கைத் தின்று, அவர் குற்றத்தை இலையில் கட்டி, அவர் வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போகிறான். பார்சல் கோமளவல்லி கைக்குப் போய்ச் சேர்ந்தால் ஆயுசுக்கும் கூழ். நேராக வீட்டுக்குப் போய்ப் பிரயோஜனமில்லை, வாசலிலேயே கோமளவல்லி கோலம் போட்டுக்கொண்டிருப்பாள். வழியிலேயே மடக்க வேண்டும். வரதராஜன் தெருவில் பாய்ந்தார்.

பனிக்குள் தூரத்தில் ஒரு பச்சை முதுகு தெரிந்தது.

"யோவ்! நில்லுய்யா!"

முதுகு திரும்பியது. குல்லாவுக்குள் இரண்டு கண்கள். இலைப் பார்சலை உயரத் தூக்கி ஒரு தரம் ஆட்டிக் காட்டிவிட்டு, மறுபடி ஓடியது. இவர் மூச்சு வாங்க நின்றால் அவனும் நின்றான். இவர் அடியெடுத்து வைத்தால் அவனும் கிளம்பினான்.

கொஞ்ச தூரத்திலேயே உல்லன் தன் வேலையைக் காட்டியது. உள்ளே வேகிறது, வெளியே பனி. கை உறையைக் கழற்றி வீசினார். அப்புறம் மப்ளர். சரவணப் பொய்கை வருவதற்குள் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது. ஓடிக்கொண்டே ஸ்வெட்டரைத் தலைவழியாக உருவி எறிந்தார். அதோடு சட்டைப் பட்டனும் போயிற்று, சட்டையும் போயிற்று.

வேறு ஊராக இருந்தால் பைத்தியம் என்று பிடித்துக் கட்டியிருப்பார்கள். ஆனால் இது திருத்தணி. இங்கே மனுஷன் என்ன கோணங்கித்தனம் செய்தாலும் அது வேண்டுதல்தான். பொய்கைக் கரையில் மொட்டை போட்டுச் சந்தனம் பூசி, பல் கிடுகிடுக்க நின்ற யாத்திரைக் கூட்டம் அவரைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டது.

"மார்கழிப் பனில ஒண்ணு ஒண்ணா துறந்துகினு ஓட்றாரு பாரு! இன்னா பக்தி! கந்தனுக்கு அரோகரா!"

"அரோகரா!" என்று பஜனைக் கோஷ்டியும் எடுத்துக் கொடுத்தது.

வரதராஜன் கடைசியாகக் குல்லாவையும் பிடுங்கி வீசினார். அது ஒரு புது மொட்டையின் காலடியில் போய் விழுந்தது. அந்த ஆள் அதை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றி, "அப்பனே, குளுருதுன்னு இப்பத்தான் நெனச்சேன், குடுத்துட்டியே!" என்று மாட்டிக்கொண்டார். அதோடு குல்லா சார் என்ற மனிதர் வரதராஜனை விட்டுப் பிரிந்து எந்த ஊருக்கோ பஸ் ஏறிப் போனார்.

முகம் திறந்து, வெறும் பனியனோடு, தொப்பை முன்னும் பின்னும் ஊசலாட, வரதராஜன் தன் தெருவுக்குள் நுழைந்தார். கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் அன்றைக்குப் புள்ளியை விட்டுவிட்டு நிமிர்ந்தார்கள். வீட்டு வாசலில் கோமளவல்லி நின்றாள். பச்சை ஸ்வெட்டர்க்காரன் பார்சலை அவள் கையில் பவ்யமாகக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"அதுல இருக்கிறது என்னுது இல்ல!" என்று கத்திக்கொண்டே வரதராஜன் வந்து வாசற்படியில் சாய்ந்தார்.

அவன் குல்லாவைக் கழற்றினான். பஞ்சாட்சரம்!

"இன்னா பாவா, சௌக்யமா? லீவுல நேத்தே வந்துட்டேன். அக்கா சொல்லிச்சின்னு சித்தி வூட்ல தங்கினேன்" என்றபடி ஸ்வெட்டருக்குள் கையை விட்டு ஒரு தலையணையை வெளியே இழுத்தான்.

வரதராஜன் அதைப் பார்த்துக் கொதித்தார். "என் வயிறு அத்தினி பெருசா?"

"ரெண்டு வெச்சாத்தான் சரியா இருந்திச்சி பாவா. ஓட்றதுக்குக் கஷ்டம்னு ஒண்ணோட வுட்டோம். ஆனா நீங்க தப்பா உடுத்துறீங்க. கெளம்பசொல்லோ குளுரணும், பாவா. அப்பத்தான் ஓட ஓட சரியாவும். கெளம்பும்போதே கதகதன்னு இருந்தா, ஒண்ணு பாதில வெந்து பூடுவீங்க, இல்லன்னா ஓடவே மாட்டீங்க."

"எப்டிடி கண்டுபுடிச்ச?" என்றார் வரதராஜன் மனைவியிடம், சுருதி இறங்கி.

"ஸ்வெட்டர்ல வேர்வை நாத்தம் வரலாம். மொளகும் கறிவேப்பிலையுமா, கண்ணையன் ஓட்டல் மாதிரி மணக்கலாமா?" என்றாள் கோமளவல்லி. சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. "எங்க நைனா நாப்பத்தெட்டு வயசுல இப்படித்தான் சிரிச்சிகினே துன்னுட்டு, தறிமேல சாஞ்சாரு. நீங்க என்னை ஏமாத்துனதுக்குக்கூட கோவம் இல்லிங்க. உங்கள வுட்டுட்டு இருக்கணுமேன்னு பயமா கீது."

இத்தனை வருஷத்தில் அவள் பயந்து வரதராஜன் பார்த்ததேயில்லை. நாளையிலிருந்து ஓடுகிறேன், சத்தியம் என்றார். மனசறிந்துதான் சொன்னார். சொல்லும்போது மட்டும் கண் பார்சல் மேலேயே இருந்தது.

கோமளவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பார்சலைப் பிரித்து, ஒரே ஒரு வடையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இன்னிக்கி இது ஓடிச் சம்பாரிச்சது. துன்னுங்க."

"நாளைக்கு?"

"நாளைக்குக் கண்ணையன் புதுசா போடுவாரு. தம்பி ஒண்ணு வாங்கிகினு ஓடுவான். புடிச்சா உங்களுது, இல்லன்னா அவனுது."

"எத்தினி நாளைக்கு?"

"ரெண்டு மாசம் லீவு, பாவா" என்றான் பஞ்சாட்சரம்.

மறுநாள் ஊர் விழிப்பதற்கு முன்னால், வெறும் பனியனோடு, இரண்டு கையையும் கக்கத்தில் செருகிக்கொண்டு, வரதராஜன் தெருமுனைப் பனியில் நின்று அந்தப் பக்கமாகப் போகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்: "ஏம்பா, என் வடை இந்தப் பக்கம் ஓடிச்சா?"