கல்யாண டிவிடியும் பதினாறு மணி நேரமும்

நான் கம்ப்யூட்டர் டீச்சர். இந்த ஒரு விஷயத்தை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல வழி இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

மூன்று வருடம் முன்பு, என் மாமனாரின் முதல் தெவசம் வரவிருந்தது. வாலாஜாபாத்திலிருந்து என் வீட்டுக்காரரின் அக்கா கஸ்தூரி போன் செய்தார். நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்.

"உங்க கல்யாண டிவிடி இருக்குது இல்ல? அப்பா பேசறது அதுல மட்டுந்தாம்மா இருக்குது. ஞாயித்துக்கெழம வரேன், என் போன்ல ஏத்திக் குடு."

"இதெல்லாம் ஒரு வேலையா அண்ணி? அரை மணி நேரம்," என்றேன். (வகுப்பில் பிள்ளைகளிடம் பேசிப் பேசி வந்த தைரியம்.)

சனிக்கிழமை காலை டிவிடியைப் போட்டு, போனில் ஓடுகிற மாதிரி மாற்றச் சொல்லி சாஃப்ட்வேரைத் தட்டிவிட்டேன். நாற்பது நிமிடம் என்று காட்டியது. காப்பி குடித்துவிட்டு வந்தால் மூன்று மணி நேரம் மீதி. குளித்துவிட்டு வந்தால் பதினாறு மணி நேரம் மீதி. வேலை நடக்க நடக்க மீதி வளர்ந்துகொண்டே போனது.

எனக்குக் கவலை வந்திருக்க வேண்டும். ஆர்வம் வந்துவிட்டது. அங்கேதான் சனி பிடித்தது.

டிவிடியைத் துடைத்துப் போட்டேன். சாஃப்ட்வேரை மாற்றினேன். பின்னால் ஓடிய மற்றதையெல்லாம் நிறுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு யோசனை செய்தேன் (இதில் எனக்கு இன்றும் கொஞ்சம் கர்வம் உண்டு). டிவிடியில் இருப்பதை மாற்றாமல் அப்படியே ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்து பார்த்தேன். இருபது நிமிடத்தில் முடிந்தது. ஆக, டிவிடி மேல் குற்றமில்லை. காப்பியை எடுத்து மாற்றச் சொன்னால், முதல் பத்து நிமிடம் பறந்தது, பிறகு தவழ்ந்தது. அணைத்து அரை மணி ஆறவிட்டுப் போட்டேன். மறுபடியும் பத்து நிமிடம் பறந்தது. பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். தோசைக்கல்.

ஸ்க்ரூவைக் கழற்றித் திறந்தேன். வீட்டுக்காரர் பட்டு நெய்கிறவர். எங்கள் வீட்டில் பாதி தறிக்குத்தான், அதனால் கம்ப்யூட்டரும் தறிக்குப் பக்கத்திலேயே இருந்தது. உள்ளே விசிறியின் மேல் பட்டுத் தூசு மெத்தை மாதிரி படிந்திருந்தது. அரக்கு, பச்சை, மாம்பழ மஞ்சள் என்று வீட்டில் நெய்த அத்தனை புடவையும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்திருந்தது. காற்று போக வழியில்லாமல்தான் இந்தச் சூடு; சூடு ஏறினால் கம்ப்யூட்டர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சொல்லி மகிழ ஆள் இல்லை. வீட்டுக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார்.

தலை காயவைக்கும் ஹேர் டிரையரை எடுத்து வந்து ஊதினேன். மெத்தை பறந்தது. அதற்கு அடியிலிருந்த கறுப்புத் தூசும் சேர்ந்து பறந்தது. விசிறி புதுசு மாதிரி ஆனது. பெருமையோடு திரும்பினேன்.

தறியில், சந்தன நிறத்தில் பாதி நெய்த முகூர்த்தப் புடவை. அதன் மேல் மிளகுத் தூளைத் தூவியது போல் இருந்தது.

அப்படியே விட்டிருந்தால்கூடப் பிழைத்திருப்பேன். ஈரத்துணி கொண்டு வந்து துடைத்தேன். மிளகுத்தூள் கரியாகி இழுத்துக்கொண்டு போனது.

வீட்டுக்காரர் உள்ளே வந்தார்.

"இன்னா டீச்சர் பண்ணிக்கினு இருக்கிற?"

"கம்ப்யூட்டர் ஏன் ஸ்லோன்னு கண்டுபுடிச்சிட்டேங்க."

அவர் தறியைப் பார்த்தார். என் கையிலிருந்த துணியைப் பார்த்தார்.

"துணியக் கீழ வைமா," என்றார். "மெதுவா வை."

(நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.)

சாயங்காலம் வரை குனிந்த தலை நிமிராமல் தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூலை மெல்லிய பிரஷ்ஷால் தட்டிக்கொண்டே இருந்தார். தூசு போய்விட்டது. நான் துடைத்த ஒரு சாண் இடம் மட்டும் போகவில்லை. எனக்கு அங்கே உட்காரவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. சத்தமில்லாமல் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டேன். முப்பத்தைந்து நிமிடத்தில் முடிந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் அண்ணி வந்தார். போனில் மாமனார், பந்தியில் நின்றுகொண்டு வீடியோக்காரரிடம் சொல்கிறார்: "என்னையே எடுத்துக்கினு இருக்கிறியேபா, போய்ப் பொண்ணு மாப்ளைய எடு." அண்ணி அதைத் திரும்பத் திரும்பப் போட்டார். நான்காவது தடவை, வீட்டுக்காரரும் தறியை விட்டு எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்த அண்ணியின் பார்வை தறி மேல் விழுந்தது. "இது இன்னாடா கறை?"

"டீச்சர் ஒன்னு கண்டுபுடிச்சாங்க," என்றார் அவர்.

அந்தப் புடவையைக் கடையில் எடுத்துக்கொள்ளவில்லை. அது எனக்கே வந்து சேர்ந்தது. சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் அதைத்தான் கட்டுகிறேன். கறையை மடிப்புக்குள் ஒளித்துத்தான் கட்டுவேன். அண்ணி விடமாட்டார். பந்தியில் வைத்து அதை எல்லோருக்கும் எடுத்துக் காட்டி, ஆரம்பத்திலிருந்து சொல்லுவார். அவர் சொல்லும் கதையில் நான் தறி மேல் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றுகிறேன். திருத்துவதை விட்டுவிட்டேன்.

போன மாதம் கூரம் கிராமத்தில் ஒரு கல்யாணம். முன்பின் தெரியாத அம்மா ஒருவர் என்னைத் தேடி வந்தார்.

"நீங்கதான அந்த டீச்சர்? எங்க வீட்டு கம்ப்யூட்டரும் ரொம்ப ஸ்லோவா இருக்குதுமா. ஒரு நாள் வந்து பாக்கறீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"உங்க வீட்ல தறி இருக்குதா?"