இயந்திர மனிதனுக்கு ஆயுத பூஜை

இன்னும் கண்டுபிடிக்காத ஒரு மிஷினுக்காக ஏங்காத ஆள் உலகத்தில் கிடையாது. என் மனைவிக்குத் துவைத்த துணியைத் தானாக மடித்து வைக்கும் பெட்டி வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஓசூர் பஸ் ஸ்டாண்டில் கண்ணை மூடினால் கிருஷ்ணகிரியில் திறக்க வேண்டும். (நடுவில் சூளகிரியில்கூட நிற்கக் கூடாதாம்!) இதெல்லாம் யாருக்கும் கெடுதல் இல்லாத ஆசைகள். நான் ஆசைப்பட்டதோடு நிற்கவில்லை. எனக்கு வேண்டிய மிஷின் ஏற்கெனவே இருக்கிறது என்று பெண் பார்க்கப் போன இடத்தில் சொல்லித் தொலைத்துவிட்டேன்.

எண்பதுகளின் நடுவில், ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் நான் டிரெய்னி. வார்த்து வரும் இரும்புச் சாமான்களின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை அரத்தால் ராவி எடுப்பதுதான் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை பிசிறு, பிசிறு, பிசிறு. மற்ற நேரமெல்லாம் வாரப் பத்திரிகைகளில் விஞ்ஞானக் கதை படிப்பேன். அதில் வரும் இயந்திர மனிதர்கள் காபி போடுவார்கள், காதலிப்பார்கள், கிரகம் விட்டுக் கிரகம் போய் அடிதடி செய்வார்கள். நம் பக்கம் ஒருத்தன் வரமாட்டானா என்று இருக்கும்.

தேன்கனிக்கோட்டை பக்கத்துக் கிராமம். பெண் பெயர் சாவித்திரி. காபியை வைத்துவிட்டு உள்ளே ஓடாமல், என்னை நேராகப் பார்த்து, "கம்பெனியில என்ன வேலைங்க?" என்று கேட்டாள். அங்கேயே நான் காலி. கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று முடிவு செய்துவிட்டேன். அந்தக் கண்ணைப் பார்த்து, பிசிறு ராவுகிறேன் என்று எப்படிச் சொல்வது?

"மிஷின் மனுசன் செய்யறோம்" என்றேன்.

சாவித்திரியின் அப்பா கிருஷ்ணப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் ராகி விதைப்பார், யானை வந்து அறுவடை செய்துகொண்டு போகும். வருஷா வருஷம் பரண்மேல் கண்விழித்து நொந்துபோன மனுஷன்.

"அது ராவுல தூங்குமா தம்பி?"

"தூங்காதுங்க மாமா."

"சோறு?"

"கேக்காது."

"யானைய பாத்தா ஓடிடுமா?"

"பயம்னா என்னான்னே அதுக்குத் தெரியாதுங்க."

"தேவுடா!" என்று தெலுங்கில் சாமியைக் கூப்பிட்டார். "ஆயுத பூஜைக்கு உங்க கம்பெனியில குடும்பத்தோட உள்ள வுடுவாங்களாமே? வந்து ஒரு கண்ணு பாத்துடறேன். அது நெசமா இருந்தா பொண்ணு உனக்குத்தான்."

என் ரூமில் கூட இருந்தவன் முனிராஜ். அஞ்செட்டிக்காரன், பெயிண்ட் செக்‌ஷன். வாயில் கொழுக்கட்டையா என்று கேட்கிற அளவுக்குப் பேசாதவன். அவன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

"நீ எதுவும் பண்ண வேணாம்டா. உள்ள நின்னா போதும். என்ன ஆனாலும் வாயத் தொறக்காத."

"சரிண்ணா" என்றான். அதற்கே அவனுக்கு மூச்சு வாங்கியது.

காலி ஆயில் டிரம்மின் அடியையும் மேல்மூடியையும் வெட்டினோம். கைக்குத் தகரக் குழாய், தலைக்கு பிஸ்கட் டின், கண்ணுக்கு இரண்டு ஓட்டை. மேலே வெள்ளிப் பெயிண்ட். பூஜைக்கு ஒவ்வொரு செக்‌ஷனும் போட்டி போட்டுக்கொண்டு கலர் பேப்பர் ஒட்டி ஜோடிக்கும். இதுவும் ஒரு ஜோடனை போலிருக்கிறது என்று சூப்பர்வைசர் விட்டுவிட்டார்.

கிருஷ்ணப்பா வெள்ளை வேட்டியில் மகளோடு வந்து சேர்ந்தார். நான் சுவரில் இருந்த, எதற்கும் சம்பந்தமில்லாத ஒரு ஸ்விட்ச்சைப் போட்டேன். "கையத் தூக்கு!" தூக்கியது. "திரும்பு!" கறமுறவென்று திரும்பியது. கிருஷ்ணப்பாவுக்குக் கண்ணில் தண்ணியே வந்துவிட்டது.

"மாப்ளை!" என்று என் தோளைத் தட்டினார். தம்பி போய் மாப்ளை ஆகிவிட்டேன்! கால் தரையில் பாவவில்லை. சாவித்திரி மட்டும் இயந்திர மனிதனின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். (அவசரத்தில் காலுக்குத் தகரம் அடிக்க மறந்திருந்தோம். நீல வார் ரப்பர் செருப்பு வெளியே தெரிந்துகொண்டிருந்தது.)

அத்தோடு நான் அவர்களை வெளியே கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் அன்றைக்கு என்ன நாள்? ஸ்பேனருக்கும் சுத்தியலுக்கும்கூடப் பொட்டு வைக்கிற நாள். தட்டோடு வந்த சூப்பர்வைசர், அத்திப்பள்ளிக்காரர், கன்னடமும் தமிழுமாகக் கத்தினார்: "இதுக்கும் பூஜெ மாடி! ஒந்து மிஷினும் விடக்கூடாது!"

"நான் பண்றேன்" என்று கிருஷ்ணப்பா முந்திக்கொண்டார். தன் வயலைக் காக்கப்போகிற சாமி அல்லவா! சந்தனத்தை ஒரு கை அள்ளி பிஸ்கட் டின்னில் அப்பினார். இரண்டு கண்ணும் அடைத்துக்கொண்டன. அதன்மேல் குங்குமம், சாமந்தி மாலை. பிறகு சாம்பிராணிக் கரண்டியைக் காலடியில் வைத்தார். அடியில்லாத டிரம் புகைபோக்கி மாதிரிதானே வேலை செய்யும்? கழுத்து வழியாகக் குபுகுபுவென்று புகை வந்தது. உள்ளே இரண்டு தடவை அடக்கின இருமல்.

"என்னா மாப்ளை, இருமுது?"

"இஞ்சின் சூடாவுது மாமா."

கற்பூரம் காட்டினார், நிதானமாக, மூன்று சுற்று. தகரம் கொதித்திருக்கும். அப்போதும் முனிராஜ் அசையவில்லை. கோயில் கட்ட வேண்டும் அவனுக்கு. கடைசியில் கிருஷ்ணப்பா பூசணிக்காயைத் தூக்கித் திருஷ்டி சுற்றி, பலம் கொண்ட மட்டும் கீழே போட்டார். அது நேராகச் செருப்புக் காலின் கட்டைவிரலில் விழுந்தது.

"அய்யோ எங்கம்மா!" என்றது இயந்திர மனிதன்.

ஒற்றைக் காலில் குதித்தது. குதித்த இடம் பூசணிச் சதை. வழுக்கி விழுந்து, டிரம் உருள ஆரம்பித்தது. லாரிக்குச் சரக்கு ஏற்றப் போட்ட சரிவு எதிரே. பொரி கடலைக் கூடைகள், வாழைக்கன்று, மேனேஜர் வீட்டம்மாவின் நாற்காலி (நல்லவேளை, அம்மா எழுந்துவிட்டார்) எல்லாவற்றையும் வாரிக்கொண்டு உருண்டு, குடிதண்ணித் தொட்டியில் டங்கென்று மோதி நின்றது.

முதலில் ஓடினது சாவித்திரிதான். டின்னைப் பிடுங்கி எறிந்து, தொட்டியிலிருந்து தண்ணி மொண்டு, "மெதுவா குடிங்க" என்றாள். கிருஷ்ணப்பா போய்க் குனிந்து பார்த்தார். நான் எங்கே ஒளிவது என்று இடம் தேடிக்கொண்டிருந்தேன்.

"எந்தூருப்பா நீ?"

"அஞ்செட்டிங்க."

"யாரு வூட்டுப் பையன்?"

சொன்னான். நம் ஆட்கள் இரண்டு பேர் ஊர் விசாரித்தால் உறவு முளைக்காமல் போகுமா? அங்கே இங்கே சுற்றி, முறைப்பையன் என்றே ஆகிவிட்டது.

"பொகை போட்டோம், சூடம் காட்டினோம். அப்பவே கத்தியிருக்கலாம் இல்ல?"

"வாயத் தொறக்காதன்னு அண்ணன் சொல்லுச்சு."

"யானைய பாத்திருக்கியா?"

"எங்கூருல ரோட்டுலயே வருங்க."

கிருஷ்ணப்பா அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என்னிடம், "தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லு. மாப்ளைக்குக் காத்து வரட்டும்" என்றார்.

தை மாதம் கல்யாணம். எனக்குத்தான் முதல் பத்திரிகை. கம்பெனியில் என்னைப் பெர்மனென்ட் ஆக்குவதை ஒரு வருஷம் தள்ளிப்போட்டார்கள், அதுகூட வலிக்கவில்லை. பந்தியில் பாயசம் ஊற்ற வந்த கல்யாணப் பெண்ணிடம், மனசு கேட்காமல், "என்மேல கோவமா?" என்று கேட்டுவிட்டேன்.

"பிசிறு ராவற வேலைக்கு என்னாங்க கொறச்சல்?" என்றாள். "முனிராஜ் சொல்லித்தான் தெரியும். அன்னிக்கே சொல்லியிருந்தா நான் சரின்னுதான் சொல்லியிருப்பேன்." இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டுப் போனாள்.

நான் வேறு பெண்ணைக் கட்டி, நன்றாகத்தான் இருக்கிறேன். இரண்டு குடும்பமும் ஒட்டு உறவு. முனிராஜ், சாவித்திரி மகள் இன்ஜினியரிங் முடித்து, ஓசூரிலேயே நிஜ ரோபோக்கள் ஓடும் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் சம்பளத்துக்கு விருந்து வைத்தபோது, "ரோபோவப் பாத்தா பயமா இல்லியா?" என்று என் மனைவி விசாரித்தாள்.

"ஐயோ பெரியம்மா, நான் தெனமும் ஸ்விட்ச் போடறதுக்கு முன்னாடி அதோட முதுகுல தட்டி ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் போடறேன்" என்றாள் அவள், என்னைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே. "'அப்பா, உள்ள இருக்கியா?'ன்னு."