எட்டாம் வகுப்புக் கணக்குத்தாளும் என் மனுவும்

நெடுந்தீவு மேற்கு
20.10.1984

பெருமதிப்புக்குரிய அத்தான் குலசிங்கம் அவர்களுக்கு,

நாகபூசணி அம்மன் கிருபையால் இங்கே நான், மனைவி சீதேவி, மகள் இரஞ்சிதம், பசு மூன்று, எல்லோரும் குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே அக்காவின் முழங்காலும், கல்வித் திணைக்களத்தில் உங்கள் கந்தோர் வேலையும் நோவில்லாமல் நடக்க வேண்டுகிறேன்.

அத்தான், சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடப் பெற்றோர் சங்கச் செயலாளர் என்ற முறையில் போன மாதம் நான் எழுதி, முப்பத்தொரு பேரின் கையெழுத்து வாங்கி, உங்கள் பெரியவரின் மேசையில் வைக்கச் சொல்லி அனுப்பிய மனுவை எப்படியாவது திருப்பி எடுத்துவிடுங்கள். எட்டாம் வகுப்புக்குப் படிப்பிக்கிற மார்கிரட் ரீச்சரை உடனே மாற்ற வேண்டும் என்று நானே எழுதிவிட்டு, இப்போது மாற்றக் கூடாது என்று நானே எழுதுவது முறையில்லைத்தான். ஆனால் இடையில் நான் எட்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டேன்.

நடந்தது இதுதான். தீவுப்பகுதிப் பள்ளிக்கூடங்கள் எல்லாவற்றினதும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரே நாளில் ஒரே வினாத்தாள் கொடுக்கும் பொதுப் பரீட்சை உங்களுக்குத் தெரியும். ஆவணியில் நடந்த பரீட்சையில் பத்தொன்பது பள்ளிக்கூடங்களில் எங்களுடையது பத்தொன்பதாவது. கணக்கில் வகுப்புச் சராசரி நூற்றுக்கு இருபத்திரண்டு. அந்தப் புள்ளிகளைப் பார்த்த சூட்டில் எழுதியதுதான் மனு. அது போன பிறகும் என் சூடு ஆறவில்லை. சங்கக் கூட்டத்தில் எழும்பி, படிப்பிக்கிற விதம் சரியாக இருந்தால் இந்தத் தாளில் கழுதையும் ஐம்பது எடுக்கும் என்று பேசினேன். ரீச்சர் கோபிக்கவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இளவாலையிலிருந்து வந்து இங்கே வாடகை அறையில் இருக்கும் மெலிந்த மனுசி, குரல் உயர்த்தியே நான் கேட்டதில்லை.

"தம்பிராசா அண்ணை, என்னட்டை மிச்சத் தாள் இருக்கு. வாற சனிக்கிழமை நீங்கள் எல்லாரும் வந்து ஒருக்கா எழுதிப் பாருங்கோவன்" என்றார்.

நானும் சபை பார்த்துக்கொண்டிருக்கிறதே என்று, "எழுதுறம். எட்டாம் வகுப்புத்தானே" என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை காலை கையெழுத்து வைத்த முப்பத்தொரு பேரில் ஒன்பது பேர்தான் வந்தோம். மற்றவர்களுக்கு அன்றைக்கென்று மாடு தொலைந்தது, பல்லுக் குத்தியது, செத்த வீடு வந்தது. வந்தவர்களில் சீதேவியும் ஒருத்தி. அவளை நான் கூப்பிடவில்லை, தானாக வெளிக்கிட்டு வந்தாள். பிள்ளைகள் இருக்கிற சின்ன வாங்கில் என் முழங்கால் அடங்காமல் மேசை எழும்பி எழும்பி நின்றது. பக்கத்தில் இருந்த சூசைப்பிள்ளை மீன்பிடிக்கிறவர், கடலால் வந்து இடுப்பில் கட்டிய ஈரச் சாரத்தோடு இருந்து எழுதியதில் அவருடைய தாளின் அடிப்பாதி ஊறிவிட்டது. இரஞ்சிதமும் கூட்டாளிகளும் யன்னலில் தொங்கினார்கள். அவர்களைக் கலைக்கும்படி கேட்டேன். ரீச்சர், பரீட்சை மண்டபத்தில் கதைக்கக் கூடாது என்றார்.

முதற் கணக்கே ஒரு தொட்டி. ஒரு குழாய் நாலு மணித்தியாலத்தில் நிரப்புமாம், இன்னொரு குழாய் ஆறு மணித்தியாலத்தில் வெறுமையாக்குமாம், இரண்டையும் திறந்தால் எப்போது நிரம்பும் என்று கேள்வி. சூசைப்பிள்ளை கையை உயர்த்தினார்.

"ரீச்சர், இது நல்லதண்ணியோ, உவர்த்தண்ணியோ?"

"எதெண்டாலும் விடை ஒண்டுதான்."

"நல்லதண்ணியெண்டா கீழ்க்குழாயைத் திறந்து விட்டவன் ஆர்? முதல் அவனைப் பிடிக்கவேணும்."

நாங்கள் ஒரு குடம் நல்லதண்ணிக்கு ஒரு கட்டை தூரம் நடக்கிற ஆட்கள் அல்லவா அத்தான், எனக்கும் அதே கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தில் கால் மணித்தியாலம் போய்விட்டது. அடுத்தது எதிரெதிராக வரும் இரண்டு புகையிரதங்கள். அவை எங்கே சந்திக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் ஆயுளில் ஒரு முறைதான் புகையிரதம் ஏறியவன், அதிலும் கொடிகாமம் தாண்ட நித்திரை. முன் வாங்கில் சீதேவியின் பென்சில் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. நான் மெல்ல எட்டி, அவள் விடையைப் பார்த்து எழுதினேன்.

"அண்ணை, உங்கட கண் உங்கட தாளில இருக்கட்டும்" என்றார் ரீச்சர். யன்னல் முழுக்கச் சிரித்தது.

அடுத்து எழுதிய சமூகக்கல்வித் தாளில் இலங்கைப் படம் இருந்தது, நெடுந்தீவு இல்லை. அதை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் நானே கீறினேன். ஊர்ப்பற்றில் அது மன்னாரை விடக் கொஞ்சம் பெருத்துவிட்டது. அளவுப் பிழை என்று புள்ளி வெட்டுப்பட்டது.

கணக்குத்தாளை ரீச்சர் எங்கள் முன்னாலேயே திருத்தினார். சீதேவி எழுபத்தைந்து. சூசைப்பிள்ளை, ஊறின பாதியையும் சேர்த்து, நாற்பது. நான் இருபத்தைந்து. நான் பார்த்தெழுதிய புகையிரதக் கணக்கு, சீதேவி பிழைவிட்ட ஐந்தில் ஒன்று. ஆவணியில் முப்பது எடுத்ததற்காக நான் இரண்டு நாள் முகம் கொடுத்துக் கதைக்காமல் இருந்த இரஞ்சிதம் யன்னலிலிருந்து இறங்கி, என் குடையை எடுத்துக்கொண்டு கூட நடந்தாள்.

வழியில் சீதேவியிடம் கேட்டேன், "உனக்கு உது எப்பிடித் தெரியும்?"

"பிள்ளை குசினிக்குள்ள அடுப்படியில இருந்து படிக்கேக்க நானும் சேர்ந்து செய்யிறனான். நீங்கள்தான் கேக்கேல்லை" என்றாள். பிறகு அவள் சொன்னதுதான் என்னைச் சுட்டது. பரீட்சை வேலணையில் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். பிள்ளைகள் விடிய லோஞ்ச் ஏறி, சோளகக் காற்றில் படகு ஆட ஆடக் குறிகட்டுவான் துறைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதிப்பேர் சத்தி எடுத்து, பிறகு பஸ் ஏறிப்போய் அந்த வாடலோடு எழுதியிருக்கிறார்கள். கணக்கு, விஞ்ஞானம், ஆங்கிலம் மூன்றும் இந்த ஒரு மனுசிதான் படிப்பிக்கிறா. லோஞ்சில் ஒவ்வொரு பிள்ளையாகத் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றதும் அவதானாம். இதொன்றும் என் மனுவில் இல்லை. நான் விசாரிக்கவில்லை, புள்ளியை மட்டும் பார்த்தனான்.

அதனால் நேற்று சங்கம் கூடித் தீர்மானித்திருக்கிறோம். அடுத்து வரும் பங்குனிப் பரீட்சைக்குப் பிள்ளைகளை முதல் நாளே கொண்டுபோய், வேலணையில் சூசைப்பிள்ளையின் தமக்கை வீட்டில் தங்கவைப்பது. பின்னேரங்களில் சீதேவி பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பது. நான் மனுவைத் திருப்பி எடுப்பது. மூன்றாவதுதான் கஷ்டம், அது உங்கள் கையில் இருக்கிறது. கோப்புக்குள் போன தாள் திரும்பி வராது என்று நீங்கள் முன்பு சொன்னது நினைவிருக்கிறது. ஆனாலும் என்ரை மானம் மட்டுமில்லை அத்தான், பிள்ளையளின்ரை ரீச்சர் போகப்போறா.

அக்காவுக்கும் மருமக்களுக்கும் எங்கள் அன்பு. நீங்கள் எல்லோரும் நீண்ட ஆயுளோடும், கந்தோரில் நல்ல பெயரோடும் வாழ அம்மன் துணையிருப்பாள்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்
வ. தம்பிராசா

பி.கு.: கடித உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மார்கிரட் ரீச்சர் வந்தார். நல்ல சேதி சொல்லுகிற பெருமையில் முழுக் கடிதத்தையும் வாசித்துக் காட்டினேன். அவர் கதிரையை இழுத்து என் முன்னால் இருந்தார். பிறகு, "அண்ணை, இளவாலையில அம்மா தனிய. ஏழு வருசமா நான் மாற்றம் கேட்டு எழுதுறன், ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை. உங்கட மனுவுக்குப் பிறகுதான் அங்கை இடம் ஆயத்தமெண்டு போன கிழமை கடிதம் வந்தது. தயவுசெய்து அதை நிப்பாட்டிப் போடாதேங்கோ" என்றார். மனுவின் பிரதியையும் கேட்டு வாங்கி வாசித்தார். "என்னைப் பற்றி இவ்வளவு உறைப்பா எழுத எனக்கு வரேல்லை அண்ணை, அதாலதான் எனக்கு மாற்றம் கிடைக்கேல்லை" என்றார். சீதேவி குசினிக்குள் போய்விட்டாள், வெளியே வர நேரமெடுத்தது. பங்குனிப் பரீட்சை வரைக்கும் நின்றுவிட்டுப் போவதாக ரீச்சர் அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். ஆகவே மேலே எழுதியதெல்லாவற்றையும் எழுதாததாகக் கொள்ளவும். கோப்பை நிறுத்தவும் வேண்டாம், ஓடவிடவும் வேண்டாம். உங்கள் கந்தோரில் வழக்கமாக எப்படி நடக்குமோ, அப்படியே நடக்கவிடுங்கள்; அதற்குள் பங்குனி வந்துவிடும்.