மாமனார் கட்டிய கர்னல்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் சுகம். கணினியும் இப்போது சுகம். அங்கு நீங்களும் என் மகளும் பாப்பாவும் சுகமாக இருக்க வேண்டும்.

"மாமா, எதை வேணா தொடுங்க, கர்னலை மட்டும் தொடாதீங்க" என்று போனில் சொன்னீர்கள். தொட்டுவிட்டேன். கேமரா வேலை செய்யாமல், ஒன்றரை வயதுப் பாப்பா என் குரலை மட்டும் கேட்டு, திரையில் தெரிந்த கறுப்புக் கட்டத்தையே தாத்தா என்று நினைத்து முத்தம் கொடுத்தால் எந்த மனுஷனுக்குப் பொறுக்கும்? நாற்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன், எதையும் திறந்து பார்க்காமல் விட்டதில்லை. கணினியின் பாகங்களையெல்லாம் கட்டி மேய்ப்பது அந்த லினக்ஸ் கர்னல்தான், கேமராவைத் தெரிந்த கர்னலை நாமே கட்டிக்கொள்ளலாம் என்று ஓர் இணையப் பக்கத்தில் படித்தேன். மூல நிரலை இறக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அது கேள்வி கேட்க ஆரம்பித்தது பாருங்கள்! இந்தச் சாதனம் வேண்டுமா, அந்தச் சாதனம் வேண்டுமா என்று ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றுக்கும் முகம் தெரியாத யாரோ ஒருத்தர் உட்கார்ந்து நிரல் எழுதி, சும்மா எடுத்துக்கோன்னு வெச்சிருக்கார். அவர்கிட்டப் போய் வேண்டாம்னு எப்படிச் சொல்றது? எல்லாவற்றுக்கும் ஆம் போட்டேன். அரை நாள் ஓடி, டிஸ்க் நிரம்பி, நின்றுவிட்டது. "ஊரையே விருந்துக்குக் கூப்பிட்டா உட்கார இடம் வேணாமா?" என்றாள் உங்கள் அத்தை. மறுபடி முதலிலிருந்து, ஒவ்வொருத்தர்கிட்டயும் மனசுக்குள்ள மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இல்லை, இல்லைன்னு போட்டேன் மாப்பிள்ளை, கேமராவுக்கும் இன்னும் சிலதுக்கும் மட்டும் ஆம். வரி வரியா ஓடுச்சு. அடேயப்பா! ஒரு கிழவன் மூஞ்சி திரையில தெரியறதுக்கு இத்தனை பேர் உழைச்சிருக்காங்களா? கண்ணு கலங்கிடுச்சு.

கட்டி முடித்ததும் கணினியை அணைத்து மறுபடி போட்டேன். கேமரா விளக்கு எரிந்தது! ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். பாப்பா என்னை முறைத்துப் பார்த்தது, திரையில் என் மூக்கைத் தொட்டு "தாத்தா" என்றது. அது நான் கட்டிய கர்னல் வழியாக வந்த மூக்கு என்பதை நினைவில் வைக்கவும்.

பாப்பாவுக்கு முத்தங்கள். உங்கள் இருவருக்கும் ஆசிகள். அந்தக் கர்னலை எழுதிய அத்தனை பேருக்கும், முகவரி தெரிந்தால், என் வணக்கத்தைச் சேர்த்துவிடவும்.

இப்படிக்கு,
உங்கள் சொல் கேளாத மாமா

பி.கு.: உறையை ஒட்டும் முன் உங்கள் அத்தை அந்த இணையப் பக்கத்தைக் கடைசிவரை படித்துவிட்டு, "கட்டினது சரி, எப்ப இன்ஸ்டால் பண்ணீங்க?" என்று கேட்டாள். பண்ணவில்லை. கட்டியதில் கிடைத்த நான்கு கர்னல் கோப்புகளும் ஒரு ஃபோல்டரில் அப்படியே கிடக்கின்றன. கேமராவைச் சரிசெய்தது, கட்ட உட்காருவதற்கு முந்தின நாள் நான் போட்ட சாதாரண அப்டேட்டும், கட்டி முடித்தபின் செய்த அந்த ரீஸ்டார்ட்டும்தான். "குழந்தைக்கு உங்க முகம் தெரியுது, இனிமே கை வெச்சீங்கன்னா பாருங்க" என்கிறாள். வைக்க மாட்டேன். ஆனால் அவற்றை அழிக்கவும் மனம் வரவில்லை. காலையிலிருந்து மூன்று தடவை அந்த ஃபோல்டரைத் திறந்து, நாலு பேரும் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வந்தேன்.