இன்ஸ்பெக்டர் சட்டையில் புதுத் தையல்

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் துப்பறியும் உத்தியோகத்தில் இருப்பவன் தீர விசாரிக்காமல் எதையும் எழுதக்கூடாது. அக்காவின் முழங்கால் வலி உண்மைதானா என்று நீங்களும் விசாரித்து எழுதவும்.

ஒரு தையல்காரம்மாவின் மெஷினைத் திருடியவனை நான் பிடித்தேன் அல்லவா? மெஷினை ஸ்டேஷன் பொருள் அறையில் வைத்துப் பூட்டி, பூட்டுக்கு அரக்கு முத்திரையும் வைத்தோம். இப்போது பூட்டு இருக்கிறது, அரக்கு இருக்கிறது, மெஷின் இல்லை. "எலி இழுத்துட்டுப் போயிருக்கும்யா" என்கிறார் இன்ஸ்பெக்டர். தையல் மெஷினை இழுக்கிற எலி பெல்ட்டும் தொப்பியும் போட்டிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? வியாழக்கிழமை கோர்ட்டில் மெஷினைக் காட்டாவிட்டால் திருடன் கைவீசிக்கொண்டு போய்விடுவான். அந்த அம்மாவோ தினமும் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து கையாலேயே பட்டன் தைத்துக்கொண்டு, "மெஷின் பத்திரமா இருக்குங்களா சார்?" என்று கேட்கிறார். "இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாக நழுவுகிறேன், அத்தான்.

அன்றிலிருந்து யாரையும் நம்புவதில்லை. ஏட்டு டீ கொடுத்தால் முதலில் அவரையே குடிக்கச் சொல்கிறேன், பாதி டீ போய்விடுகிறது. டிரைவர் சிரித்தால் சந்தேகம், சிரிக்காவிட்டால் அதைவிடச் சந்தேகம். இப்படி நோட்டம் விட்டதில்தான் துப்பு கிடைத்தது. இடுப்பில் நிற்காத ஏட்டின் கால்சட்டை கச்சிதமாக நிற்கிறது! தொப்பையைத் தாண்ட முடியாத இன்ஸ்பெக்டர் சட்டை ஒழுங்காக மூடுகிறது! "யார் சார் தைச்சது?" என்று கேட்டால், "ஏன், உனக்கும் அளவு எடுக்கணுமா?" என்கிறார். மொத்த ஸ்டேஷனும் விழுந்து விழுந்து சிரிக்கிறது. மெஷின் இன்ஸ்பெக்டர் வீட்டில்தான், சத்தியம். நீங்கள் வக்கீல் குமாஸ்தா, இந்தக் கடிதத்தை எப்படியாவது நீதிபதி கையில் சேர்த்துவிடுங்கள். யார் வீட்டில் மெஷின் இருக்கிறதோ அவனை ஈவிரக்கம் பார்க்காமல் உள்ளே தள்ள வேண்டும்.

அக்காவுக்கு அன்பு. பிள்ளைகளுக்கு என் ஆசிகள், மார்க்கை மட்டும் நேரில் வந்து விசாரிப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடி எங்கள் வீட்டு உள்ளறைக்குப் போனேன். கட்டிலுக்கு அந்தப் பக்கம் போர்வை மூடி ஏதோ நின்றது. விலக்கினால் மெஷின். என் கையெழுத்துப் போட்ட சீட்டு இன்னும் அதில் தொங்குகிறது. "இன்ஸ்பெக்டர் வீட்டக்கா குடுத்தனுப்பினாங்க. ஸ்டேஷன் துணியெல்லாம் நான்தான் தைக்கிறேன். உங்ககிட்ட சொல்லிட்டதா சொன்னாங்களே!" என்கிறாள் என் மனைவி. வியாழக்கிழமை மெஷினை நானே கோர்ட்டுக்குத் தூக்கி வருகிறேன். எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்பார்கள், சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த அம்மாவுக்கு மெஷின், எனக்கு ஜாமீன், இரண்டுக்கும் நீங்கள்தான் ஏற்பாடு செய்ய வேண்டும், அத்தான்.