டாக்டருக்காகத் தேய்த்த நாக்கு

விருந்தாளி வருகிறார் என்று வீட்டைக் கழுவித் துடைப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். டாக்டர் பார்க்கப் போகிறார் என்று நோயைக் கழுவித் துடைப்பவரைப் பார்த்ததுண்டா? யேமன் நாட்டில், எங்கள் தாயிஸ் நகரில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். எங்கள் தெருவுக்கு முக்பில்.

முக்பிலுக்குத் தரை ஓட்டு வியாபாரம். மதியச் சோறு இறங்கியதும் கடையை இழுத்து மூடிவிட்டு, எங்கள் எல்லோரையும் போல மெத்தையில் சாய்ந்து, லேசான போதை தரும் காத் இலையை ஒவ்வொன்றாகக் கிள்ளி இடது கன்னத்தில் அடக்கிக்கொண்டு, பொழுது சாயும்வரை நாட்டைத் திருத்துவார். அந்தக் கன்னத்தை ஒட்டி, நாக்கின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. ரமலானுக்கு முன்பு வந்தது, ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்தும் போகவில்லை. அவர் மனைவி ஹூரிய்யாவின் அண்ணனுக்கும் இப்படித்தான் தொடங்கியது. அந்த அண்ணன் இப்போது இல்லை.

காத் மெல்லும் கூட்டத்தில் ஆளாளுக்கு அவரை நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தோம். சூடு என்றார் ஒருவர், கண்ணேறு என்றார் இன்னொருவர். முக்பில் என்ன செய்தார் தெரியுமா? இலையை வலது கன்னத்துக்கு மாற்றினார். இடது பக்கத்துக்கு ஓய்வாம்.

ஹூரிய்யா விடவில்லை. பல் டாக்டர் இல்ஹாமிடம் நாள் வாங்கிவிட்டார். அன்றே ஏற்பாடு தொடங்கியது. காத்தைத் தொடவில்லை, தொட்டால் பச்சை தெரிந்துவிடுமே. பல் துலக்கும் மிஸ்வாக் குச்சியை உப்பில் தோய்த்து, எலுமிச்சை பிழிந்து, ஓட்டில் சிமென்ட் கறை எடுக்கிற பொறுமையோடு நாக்கைத் தேய்த்தார். தாடிக்கு மருதாணி, தோளில் புதுச் சால்வை, இடுப்பில் குறுவாள். நாக்கைக் காட்டக் குறுவாள் எதற்கு என்று கேட்காதீர்கள்.

"காத் மெல்லுவீங்களா, ஐயா?" என்று கேட்டார் டாக்டர்.

"கல்யாண வீட்டுல யாராச்சும் கைல திணிச்சா, அவங்க மனசு நோகக் கூடாதேன்னு..."

"எங்க, நாக்க நீட்டுங்க." பார்த்தவர் முகம் சுளித்தார். "இப்படிப் புண்ணாக்கி வச்சிருக்கீங்களே, இதுல நான் எதப் பாக்குறது? ஆறட்டும். எதையும் போட்டுத் தேய்க்காம வாங்க."

முக்பில் நேராகக் கூட்டத்துக்கு வந்தார். "டாக்டர் பாத்தாச்சு. ஒரு மருந்துகூட எழுதல." நாங்களும் அல்ஹம்துலில்லாஹ் சொல்லி, நல்ல காத் கட்டாகப் பார்த்து அவர் மடியில் போட்டோம். எங்களுக்கும் வெட்கமில்லை.

புண் ஆறியது. திட்டு அகன்றிருந்தது. இந்த முறை ஹூரிய்யாவும் கூடப் போய் உட்கார்ந்துகொண்டார்.

"தினமும் மெல்லுறார் டாக்டரம்மா, வருஷக்கணக்கா. இவர் வாயத் தொறந்தா பொய்தான் வரும், அதனால நான் சொல்றேன். எங்க அண்ணனப் பறிகொடுத்தாச்சு. இவரையும் பறிகொடுக்க எனக்குத் தெம்பில்ல."

முக்பில் தானாகவே நாக்கை நீட்டினார். டாக்டர் விளக்கைத் தாழ்த்தி வெகுநேரம் பார்த்தார்.

"கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பணும். ஞாயித்துக்கிழமை வாங்க."

முக்பில் எழுந்து சால்வையைத் தோளில் சரிசெய்தார். வாசல்வரை போய்த் திரும்பிக் கேட்டார்: "வரும்போது நல்லாத் தேய்ச்சுட்டு வரட்டுமா?"

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். சர்க்கரைப் பரிசோதனைக்கு நாள் குறித்ததிலிருந்து இனிப்பைத் தொடாமல் இருந்து, ரத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியிலேயே அல்வாக் கடையில் நிற்கிற ஆளை எனக்குத் தெரியும். அவர் இப்போது இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறார்.

எங்கே, நாக்கை நீட்டுங்கள் பார்ப்போம்.