சில்லு சொன்ன சூடு

இந்த வீட்டில் இனி மனைவி ஆலிஸ் சொல்லி எதுவும் நடக்காது, எல்லாம் அறிவியல் சொல்லித்தான் நடக்கும் என்று ஒரு சனிக்கிழமை மதியம் மத்தியாஸ் முடிவெடுத்தான். முடிவெடுத்தபோது அவன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் குனோங் ராபாட் ஊரில் இருந்த அவர்கள் வீட்டின் சின்ன அறை. மதியம் தாண்டினால் வெயில் சுண்ணாம்புக் குன்றில் முட்டித் திரும்பி, நேரே அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அங்கேதான் மத்தியாஸின் கணினி இருந்தது. அவனுடைய ஓய்வு நேரம் முழுவதும் அங்கேதான் வெந்தது. அந்த அறையைக் குளிர வைக்க ஓர் ஏர்கோன் வேண்டும் என்று அவன் ஆலிஸிடம் கேட்டதை எண்ணினால் ஜெபமாலை மணிகள் போதாது.

"படுக்கிற ரூம்ல ஒன்னு ஓடுதுல்ல? அங்க போய் உக்காருங்க லா."

"எனக்கு இல்ல ஆலிஸ். கம்ப்யூட்டருக்கு."

"அதுவா வந்து வேர்க்குதுன்னு சொல்லிச்சு?"

இங்கேதான் ஆலிஸ் தவறு செய்தாள். கணினி சொல்லும். அதற்கென்றே மதர்போர்டு எனும் தாய்ப்பலகையில் ஒரு கண்காணிப்புச் சில்லு, அதாவது சிப், இருக்கிறது. பிராசசருக்கு எத்தனை வோல்ட் போகிறது, அது எவ்வளவு சூடாக இருக்கிறது என்று அளந்து சொல்வது அதன் வேலை. ஆனால் அந்தச் சில்லு கொஞ்சம் பயந்த சுபாவம். நாலு வோல்ட்டுக்கு மேல் அதனால் தாங்க முடியாது. பன்னிரண்டு வோல்ட்டை அளக்க வேண்டுமென்றால், அதை வெட்டிச் சின்னதாக்கித்தான் ஊட்ட வேண்டும். சின்னதாக வந்த எண்ணை மறுபடி பெருக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவர கணினிக்குள் ஓர் அமைப்புக் கோப்பு உண்டு. எதை எத்தனையால் பெருக்க வேண்டும், எதோடு எதைக் கூட்ட வேண்டும் என்று அதில் வரி வரியாக எழுதிவைக்கலாம். சில்லு எதைச் சொன்னாலும், கோப்பு சொல்வதுதான் திரையில் தெரியும்.

மத்தியாஸ் பொறுமையாக உட்கார்ந்து எல்லா வரிகளையும் எழுதினான். வோல்ட் சரியாக வந்தது. பிராசசரின் சூடு நாற்பத்திரண்டு டிகிரி. ஒரு குறையும் இல்லை.

மத்தியாஸுக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு ஆரோக்கியமான கணினியை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படி ஏர்கோன் கேட்பது?

பிறகு சூட்டுக்கான வரியின் கடைசியில் 'கூட்டல் ஐம்பது' என்று சேர்த்தான். திரை ரத்தச் சிவப்பானது.

"ஆலிஸ்! ஓடியா! தொண்ணூத்திரெண்டு!"

ஆலிஸ் கையில் கேக் மாவுக் கரண்டியோடு வந்தாள். அந்தத் தாமான் குடியிருப்பில் யாருக்குப் பிறந்த நாள் வந்தாலும் கேக் ஆலிஸ் வீட்டிலிருந்துதான் போகும். கணினிப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"தொட்டா சில்லுன்னு இருக்கே?"

"வெளிய அப்படித்தான் இருக்கும். உள்ள சில்லு இருக்கு. அது சொல்லுது."

"கை சில்லுங்குது. சில்லு சுடுதுங்குது. யாரை நம்புறது?"

"சில்லைத்தான். கைக்கு டிகிரி தெரியுமா?"

"தொண்ணூத்திரெண்டுன்னா தேத்தண்ணியே கலக்கலாமே."

"விளையாடாத. இப்படியே விட்டா எல்லாம் எரிஞ்சிடும். உன் கேக் படமெல்லாம் போயிடும். நம்ம கல்யாணப் படமெல்லாம் போயிடும்."

"கேக் படம் போகக்கூடாது," என்றாள் ஆலிஸ். திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். "சரி, இந்த நம்பர் எங்கேருந்து வருது?"

'உனக்குப் புரியாது' என்று சொல்லிக் கோப்பை மூடியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து மத்தியாஸிடம் எதையும் விளக்கச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு மனைவியை உட்கார வைத்தான். கோப்பைத் திறந்தான். முழுக் கேக்கை வாயில் போட முடியுமா, வெட்டித்தானே போட வேண்டும் என்று ஆரம்பித்து, பெருக்கலும் கூட்டலுமாக ஒவ்வொரு வரியாய்ப் பாடம் நடத்தினான். ஆலிஸின் விரல் ஒரு வரியில் வந்து நின்றது.

"இது என்ன, பிளஸ் அம்பது?"

"அதா? அது வந்து... திருத்தம்."

"திருத்தினா திருந்திடுமா?"

"ஓரளவுக்கு."

"பாவம்," என்றாள் ஆலிஸ். "ஏர்கோன் போட்டுருவோம்."

மத்தியாஸுக்கு வந்த சந்தோஷத்தில், ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

ஏர்கோன் மாட்டப் பக்கத்து ஊரான கோப்பெங்கிலிருந்து சீனி என்பவன் வந்தான். ஏணியில் நின்றபடி அறையைச் சுற்றிப் பார்த்தான்.

"யாருண்ணே இங்க படுக்கிறது?"

"யாரும் இல்ல. கம்ப்யூட்டருக்கு."

"கம்ப்யூட்டருக்கா? என் மாமியாருக்கே இன்னும் காத்தாடிதாண்ணே!"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மத்தியாஸ் சின்ன அறைக்குள் நுழைந்தான். கைலியை முழங்கால் வரை போர்த்திக்கொண்டு, குளிரில் லேசாக நடுங்கியபடி, இருட்டும் வரை கணினியில் விளையாடினான். சொர்க்கத்தில் ஏர்கோனை எத்தனை டிகிரியில் வைப்பார்கள் என்று தெரியாது. ஆனால் பதினெட்டுக்கு மேல் வைக்க மாட்டார்கள் என்பது அவனுக்கு உறுதியானது.

மறுநாள் வேலை முடிந்து வந்தான். கணினி ஹாலில், செருப்பு அடுக்குக்குப் பக்கத்தில் இருந்தது. அதன் மேல் தடித்த துவாலை ஒன்று போர்த்தியிருந்தது. சின்ன அறைக் கதவு சாத்தியிருந்தது. கதவிடுக்கில் குளிரும் வெண்ணெய் வாசமும் வந்தன.

"ஆலிஸ், என்ன இது?"

கதவு திறந்தது. ஆலிஸ் கையில் கேக்கில் பூசும் பட்டர்கிரீம் பையோடு நின்றாள்.

"திரையைப் பாருங்க."

திரையில் 'மைனஸ் எட்டு' என்று இருந்தது.

"மைனஸ் எட்டா? கேமரன் மலையில கூட இவ்ளோ குளிராது!"

"அதான் பயந்துட்டேன். ஏர்கோன்ல கெடந்து கெடந்து ஒறைஞ்சே போச்சு, பாவம். வெளிய கொண்டாந்து போத்தி விட்டிருக்கேன். ரூம் சும்மாதானே கெடக்கு, பட்டர்கிரீமாவது உருகாம இருக்கட்டும்னு நான் உள்ள உக்காந்துட்டேன்."

மத்தியாஸ் பாய்ந்து துவாலையை உருவினான். உள்ளே கணினி நிஜமாகவே சூடாகத் தொடங்கியிருந்தது.

"இது தப்பான நம்பர் ஆலிஸ்!"

"தப்பா? எப்படிங்க?"

மத்தியாஸ் துவாலையை மடிக்க ஆரம்பித்தான்.

"எந்த வரியில தப்பு வந்துச்சுன்னு காட்டுங்க. நானும் தெரிஞ்சுக்கிறேன்," என்றாள் ஆலிஸ். முகத்தில் அப்படியோர் ஆர்வம். பிறகு பட்டர்கிரீம் பையோடு உள்ளே போனாள்.

அவன் கோப்பைத் திறந்தான். கூட்டல் குறி இருந்த இடத்தில் கழித்தல் குறி இருந்தது. வேறெதுவும் மாறவில்லை. அதைச் சேமிக்கக் கடவுச்சொல் வேண்டுமே என்று யோசித்தான். மனைவியின் பிறந்த நாளைக் கடவுச்சொல்லாக வைத்தால் இரண்டுமே மறக்காது என்று முன்பொரு நாள் தனக்குத்தானே மெச்சிக்கொண்டது நினைவுக்கு வந்தது.

மறுபடி கூட்டல் போட்டால், யார் போட்டது என்று கேட்பாள். கழித்தலை விட்டுவைத்தால், துவாலைக்கு மேல் கம்பளியும் வரும். கடைசியில் ஐம்பதையே அழித்தான். துவாலைக்குப் பயந்துதான், வேறு நல்ல எண்ணம் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் திரை நாற்பத்திரண்டு என்றது.

கதவைத் தட்டித் திறந்தான்.

"நாப்பத்திரெண்டு. இப்ப சரியா இருக்கு."

"அப்பாடா, பொழைச்சிக்கிச்சு! ஹால் காத்தே அதுக்கு ஒத்துக்கிச்சு பாருங்க. கதவைச் சாத்துங்க, குளிரெல்லாம் போகுது."

மத்தியாஸ் உள்ளே வந்து, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினான்.

"அந்தப் பக்கமா நின்னு சாத்துங்க," என்றாள் ஆலிஸ்.